செட்டிநாட்டுக் கல்லூரி முதல்வர்களுக்கு: சேர்க்கை நாளிலேயே போனபைடு கொடுங்கள்

மதிப்புக்குரிய முதல்வர் ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும் வணக்கம்.

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பதினோரு வருடமாக இ-சேவை மையம் நடத்துகிறேன். ஜூன் பிறந்துவிட்டால் என் கடை வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று பிள்ளைகளும் பெற்றவர்களும் வந்தபடி இருப்பார்கள். உங்கள் கல்லூரிகளில் படிக்கும் பலரை, உங்களிடம் வருவதற்கு முன்பே நான் பார்த்துவிடுகிறேன். ஆட்சியருக்கு எழுதலாமே என்று வீட்டில் சொன்னார்கள். அவருக்கு எழுத வேண்டியது வேறு இருக்கிறது. பிள்ளை உங்கள் கல்லூரியில் படிக்கிறது என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் போனபைடு சான்றைச் சேர்க்கை நாளிலேயே கொடுத்துவிடுவது உங்கள் அலுவலக ஜன்னலிலேயே முடிகிற காரியம், அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன ஜனவரியில் ஒரு கொத்தனார் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பழைய செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையில் இருப்பவர், சுண்ணாம்புப் பூச்சில் நல்ல கை. மகள் பி.காம். இரண்டாம் வருடம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் முதல் வருடம் ஒழுங்காக வந்தது, ஜூனிலிருந்து வரவில்லை. "காலேஜ்ல கேட்டா பேங்க்ல கேளுங்கிறாங்க, பேங்க்ல கேட்டா காலேஜ்ல கேளுங்கிறாங்கக்கா" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. படிப்பை நிறுத்திவிட்டு ஜவுளிக்கடைக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்திருக்கிறது.

பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். பள்ளியில் தொடங்கிக் கொடுத்த கணக்கு. வேறு கணக்கு ஏதாவது உண்டா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்பாதான் யோசித்துச் சொன்னார், மே மாதம் ஊருக்கு வந்த ஒரு வங்கிக் கணக்கு முகாமில் அவளும் கைரேகை வைத்தாள் என்று. எனக்குப் புரிந்துவிட்டது. உதவித்தொகை போவது நாம் எழுதிக் கொடுக்கும் கணக்கு எண்ணுக்கு அல்ல. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைந்ததோ அங்கே போகும். எதில் இணைந்திருக்கிறது என்று ஆதார் தளத்திலேயே பார்க்கலாம், ஆனால் அதற்கு ஓடிபி வேண்டும். ஓடிபி போவது அப்பா எப்போதோ தொலைத்த பழைய சிம் எண்ணுக்கு. சரி என்று ஆதார் மையத்துக்கு அனுப்பி, அவள் எண்ணை மாற்றச் சொல்லி, அது மாறிய பிறகு பார்த்தால், ஏழு மாதப் பணம், 7,000 ரூபாய், யாரும் திறந்து பார்க்காத அந்த முகாம் கணக்கில் கிடந்தது. ஒரு மாதப் பணம்கூட நிற்கவில்லை.

அப்பாவின் எண்ணையும் மாற்றிவிடலாம் என்று போனார்கள், அது நடக்கவில்லை. கைரேகை விழவில்லை. அடுத்த தடவை வந்தபோது என் கருவியிலும் வைத்துப் பார்த்தார். கட்டை விரலைச் சட்டையில் துடைத்து வைத்தார், ஈரத் துணியால் துடைத்து வைத்தார், மறுகை விரலை வைத்தார். முப்பது வருடச் சுண்ணாம்பு அந்த விரல்களில் ஒரு கோடுகூட மிச்சம் வைக்கவில்லை, பீங்கான் மாதிரி வழவழவென்று இருந்தன. ஆத்தங்குடிப் பக்கம் தரை ஓடு போடுகிறவர்களுக்கும் இதே கதைதான், சிமெண்டிலேயே நாள் முழுக்கக் கை. எனக்கு அந்த விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பழகிவிட்டது, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டப்படும்.

அப்புறம் ரேஷன் கார்டை எடுக்கப் பையைத் துழாவியவர், ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையையும் எடுத்து வைத்தார். காலாவதியாகி இரண்டு வருடம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. 1994லிருந்து இருக்கிற வாரியம் அது. விபத்து, இயற்கை மரணம் என்றால் குடும்பத்துக்கு உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம், இவை எல்லோருக்கும் ஓரளவு தெரியும். உறுப்பினரின் பிள்ளைகள் கல்லூரியில் படித்தால் அதற்கும் வாரியம் பணம் தருகிறது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அட்டை உயிரோடு இருந்திருந்தால் முதல் வருடத்துக்கே வாங்கியிருக்கலாம்.

அட்டையைப் புதுப்பித்தோம். கல்வி உதவிக்கு விண்ணப்பிக்க மகள் படிக்கிறாள் என்பதற்குப் போனபைடு வேண்டும். அதற்கு அந்தப் பெண் கடிதம் எழுதி, வகுப்பாசிரியர் கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து என்று வாங்கிக்கொண்டு போனால், மூன்று நாள் கழித்து அப்பாவைக் கூட்டி வா என்றிருக்கிறார்கள். அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் நின்றார். கிளார்க் லீவு.

எந்தக் கல்லூரி என்று நான் சொல்லப்போவதில்லை. அங்கே மட்டும் நடக்கிற காரியமும் இல்லை. உதவித்தொகை வேலையைக் கவனிக்கும் உங்கள் நோடல் ஆசிரியர்கள் சிலரை எனக்குப் பழக்கம் உண்டு. பாடமும் நடத்தி, நான் முதல்வன் திட்டத்தின் திறன் பயிற்சியும் பார்த்து, இரவு பதினொரு மணிக்கு, மாணவர் விவரங்களை ஏற்றும் யுமிஸ் தளம் கொஞ்சம் வேகமாக இருக்கிறது என்று உட்கார்ந்து பதிவேற்றுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறையே இல்லை. அவர்களுக்கு வாரத்தில் நாலு வகுப்பு குறைத்துக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

நான் கேட்பது இதுதான். பிள்ளை சேரும் நாளில் மற்றச் சான்றிதழ்களை நகல் எடுக்கும்போதே, போனபைடு மூன்று பிரதி அடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். யாரும் விண்ணப்பம் எழுதி நிற்க வேண்டாம். அதே மேசையில், ஆதாரோடு எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பிள்ளையின் கைபேசியிலேயே பார்க்கச் சொல்லுங்கள். ஓடிபி வராவிட்டால் சிக்கல் ஜூனிலேயே தெரிந்துவிடும், ஜனவரி வரை போகாது. சேர்க்கைப் படிவத்தில் 'பெற்றோர் தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் கூலி என்று எழுதியதோடு விட்டுவிடாமல், நல வாரிய அட்டை உண்டா, எந்த வருடம் வரை செல்லும் என்றும் கேளுங்கள். கொத்தனார், தறி நெய்கிறவர், தையல்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர் என்று தனித்தனி வாரியங்கள் இருக்கின்றன. மில்லிலும் கடையிலும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்களிடம் வருடத்துக்கு ஒரு தடவை நல நிதி பிடிக்கிறார்கள், அந்த வாரியமும் தொழிலாளர் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருகிறது. நம் பக்கத்து வீடுகளில் அதைக் கேட்டு வாங்கியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

பையன்களுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்த பிறகு அவர்களுக்கும் அதே 1,000 ரூபாய், அதே ஆதார், அதே சிக்கல்.

பொறியியல் கல்லூரி முதல்வர்களிடம் தனியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வு வழியாக வருகிறவர்களுக்குத்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் 2021லிருந்து அப்படித்தான், அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. இது தெரியாமல், சீட்டு போய்விடும் என்று பயந்து நகையை அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டு, அப்புறம் என்னிடம் முதல் பட்டதாரிச் சான்று கேட்டு வருகிறார்கள். சான்று எடுத்துத் தரலாம், அதனால் கட்டணம் குறையாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பணம் வாங்குவதற்கு முன்னால் இதை நீங்கள் சொல்லிவிடுங்கள்.

நம் ஊருக்குக் கல்லூரி வந்த கதை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1947 ஜூலையில் சென்னையில் ஒரு கூட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் பேசியதைக் கேட்டு, வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக வாக்குக் கொடுத்தார். அடுத்த மாதமே காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்பு தொடங்கிவிட்டது. கட்டடம் முடியட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நான் கேட்கிற காரியத்துக்கு நிதி ஒதுக்கீடுகூட வேண்டாம்.

சேர்க்கை முடிந்ததும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் கணினி ஆய்வகத்தைத் திறந்து வையுங்கள். ஞாயிறு என்றால்தான் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வர முடியும். நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் பத்துப் பேர் கிடைத்தால் போதும், வாரியப் புதுப்பித்தல் எப்படி என்று ஒரு மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவேன். கைரேகைக் கருவி, பிரிண்டர், ஒரு கட்டுத் தாள் நான் கொண்டு வருகிறேன். என்னைப் போல மையம் நடத்துகிற நாலைந்து பேரிடம் பேசியிருக்கிறேன், கண்டனூரிலிருந்தும் புதுவயலிலிருந்தும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கட்டணம் எதுவும் வாங்க மாட்டோம். தேதியை மட்டும் ஜூன் முதல் வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள், ஊர்ப் பால் சொசைட்டியிலும் ரேஷன் கடையிலும் நானே எழுதி ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டத்தில் இ-சேவை மையம் நடத்தும் ஒருத்தி