கூறைப் பிளவுசும் நிண்டுபோன பீரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பெண்கள் பக்கத்தில கலியாணப் பொம்பிளை ஆறு கிழமையில 10 கிலோ குறைக்க ஒரு டயட் போட்டிருந்தீங்கள், பாத்தோடன எழுதாம இருக்கேலாமப் போச்சு. என்ர மூத்தவ போன வருசம் இதைத்தான் செய்தவ. காலமை ரெண்டு முட்டைட வெள்ளை, மத்தியானம் சூப், பின்னேரம் மரைன் டிரைவில ஓட்டம், இரவில வெள்ளரிக்காய். கூறைப் பிளவுசை மூண்டு தரம் பிடிச்சுத் தைச்சம். கலியாணம் முடிஞ்சு ஆறு மாசமாப் பீரியட் இல்ல, சனம் எண்டா "விசேசம் ஒண்டும் இல்லையோ" எண்டு கேக்குது, நான் கதிரேசன் கோயிலுக்கு நேத்தி வைச்சதுதான் மிச்சம்.

ஸ்கானில ஒரு பிழையும் இல்ல. டொக்டரம்மா ரிப்போட்டை மூடி வைச்சிட்டு "பிள்ளை, நேத்து இரவு என்ன சாப்பிட்டனீங்கள்?" எண்டு கேட்டா.

அதுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கினது, கர்ப்பப்பைக்கு ஓடர் குடுக்கிறது மூளையாம். உடம்புக் கொழுப்பில இருந்து லெப்டின் எண்டு ஒரு ஹோர்மோன் வருது, 1994ல கண்டுபிடிச்சது, மூளையில ஹைப்போதலமஸுக்கு வீட்டில அரிசி இருக்கோ இல்லையோ எண்டு சொல்லுறது அதுதான். பட்டினி கிடந்தா அது விழுந்திடும், உடன பசி கூடும், அதோட மூளையில கிஸ்பெப்டின் எண்ட இன்னொரு ஹோர்மோனும் அடங்கிடும். (அதின்ர ஜீனை அமெரிக்காவில ஹேர்ஷி எண்ட சொக்லேட் ஊரில கண்டுபிடிச்சபடியா அங்கத்தைய கிஸ்ஸஸ் சொக்லேட்டின்ர பேரையே வைச்சிட்டாங்கள்!) கிஸ்பெப்டின் தட்டி எழுப்பாட்டி, ஒண்டு ஒண்டரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா மூளை விடவேண்டிய ஜிஎன்ஆர்எச் எண்ட, பிள்ளைப்பேறு வேலையைத் தொடக்கிவிடுற ஹோர்மோன்ர துடிப்பு மந்தமாகி, சூலகத்தில முட்டையும் வளராது பீரியட்டும் வராது. 2000ல ஜப்பான்காரர் காடைட மூளையில இன்னொரு ஹோர்மோனும் கண்டவை, ஜிஎன்ஐஎச் எண்டு, அது இனப்பெருக்கத்துக்கு பிரேக் போடும், குஞ்சுகளுக்குக் குடுத்துப் பாத்தா தீனியைக் கூட்டிச்சுதாம். பசியும் பிள்ளையும் மூளைக்குப் பக்கத்துப் பக்கத்து வீடு போல.

எல்லாருக்கும் இதே கணக்கில்ல எண்டும் சொல்லவேணும். பிசிஓஎஸ் எண்ட ஹோர்மோன் கோளாறு இருந்து உடம்பும் கூடின பிள்ளையளுக்கு கொஞ்சம் குறைச்சாலே பீரியட் ஒழுங்காகிறது உண்டு, அதுக்கும் டொக்டரைக் கேட்டுத்தான் செய்யவேணும்.

அடுத்த முறை டயட் போடேக்க "பீரியட் நிண்டா இதை நிப்பாட்டிப்போட்டு டொக்டரிட்டப் போங்கோ" எண்டு ஒரு வரி, பெரிய எழுத்தில, கீழ போடுங்கோ. மகள் இப்ப இரவில புட்டும் மீன் குழம்பும் சாப்பிடுறா, ஓட்டமும் குறைச்சாச்சு. போன மாசம் பீரியட் வந்திட்டுது. பிளவுசைப் பிரிச்சுத் தைக்கக் குடுத்திருக்கு.

இப்படிக்கு
ஒரு அம்மா, வெள்ளவத்தை