வவுனியாவுக்குப் போகிற அண்ணாவுக்கு

அண்ணா,

இலங்கைக்கே திரும்பிப் போவதென்று முடிவு செய்துவிட்டீர்களாம். மாங்காய் மண்டியில் வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நீங்களே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இதை ஊரே படிக்கும். அதனால் உங்கள் அகதி முகாமின் பெயரையும், இன்னும் கையெழுத்தாகாமல் கிடக்கும் காகிதங்களையும் பற்றி எழுதப்போவதில்லை.

2024 தேர்தல் சமயம், காவேரிப்பட்டணம் டீக்கடை. டிவியில் கச்சத்தீவு. 1974-ல் அதைக் கொடுத்தது யார் என்று ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டிருந்தார்கள். எதிர் பெஞ்சுக்காரர் உங்கள் பக்கம் திரும்பி, "உங்க நேவிதானே எங்க ஆளுங்கள புடிச்சிக்கினு போகுது?" என்றார். நீங்கள் டம்ளரைக் கீழே வைத்தீர்கள். "எங்களுக்கு ஏது தம்பி நேவி? ரெண்டு பக்கமும் ஓட்டே இல்லை" என்றீர்கள். முகாமில் ஆள் எண்ணும் செக்கிங்குக்கு நேரமாகிறதென்று எழுந்து போய்விட்டீர்கள்.

நீங்கள் சொன்னதுதான் விஷயமே. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் ஜெயித்தது. அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்து உங்களைப் போலத் தோட்டத்துக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. பின்னாலேயே ஓட்டும் போனது. 1964-ல் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பாகம் பிரித்தார்கள். பழைய சேலம் ஜில்லாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன உங்கள் தாத்தாவை யார் கேட்டார்கள்?

சரக்குக்கு மட்டும் வழி பிறந்தது. 1998-ல் இரு நாடும் கையெழுத்திட்ட தடையற்ற வணிக ஒப்பந்தம் 2000-ல் அமலுக்கு வந்தது. அதுவும் ஓரளவுதான். விரிவான ஒப்பந்தம் 2008-ல் தயாரானபோது கொழும்பு வியாபாரிகள் எதிர்த்தார்கள், நின்றுபோனது. கடலடியை வாரும் இழுவைமடி வலைத் தகராறும் அப்படித்தான்: இங்கேயும் மீனவர் ஓட்டு, அங்கே வடக்கிலும் மீனவர் ஓட்டு. விட்டுக்கொடுக்க எவருக்கும் துணிச்சல் இல்லை.

வழியனுப்ப வர முடியாது, மன்னித்துவிடுங்கள். பெங்களூரா மாங்காய் சீசன், லாரி நிற்கிறது. வந்தாலும் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் மகளுக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் தாய்மாமன் சீர் வந்தது. அதையெல்லாம் உதறிவிட்டுப் போக எப்படி மனம் வந்தது? அப்புறம், இங்கேயே பிறந்த அவளுக்கு 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இடமில்லை என்பது நினைவுக்கு வருகிறது. உங்களை என்னவென்று திட்டுவது?

போனதும் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேருங்கள் அண்ணா. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் மீனைப் பற்றி மட்டும் பேசி அனுப்பாதீர்கள். இங்கே முகாம்களில் மிச்சமிருப்பவர்களுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்றும் கேளுங்கள். இந்தப் பக்கம் வருகிறவர்களிடம் நான் கேட்கிறேன்.