நாஷுவாவிலிருந்து அப்பாவுக்கு

நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர்
அக்டோபர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

செந்தில் எழுதுவது. நான் இங்கே நலம். நீங்கள், அம்மா, அப்பத்தா, தங்கச்சி எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பத்தாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று தங்கச்சியை விவரமாக எழுதச் சொல்லுங்கள். போனில் கேட்டால் ஆளுக்கு ஒருமுறை "நல்லா இருக்காங்க" என்று சொல்லி முடித்துவிடுகிறீர்கள்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மேப்பிள் மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கின்றன. அதைப் பார்க்கவே வெளி மாநிலத்துக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். சனிக்கிழமையானால் வடக்கே போகும் சாலையில் கார் நகராது. நாஷுவா, மாசசூசெட்ஸ் எல்லையை ஒட்டிய ஊர். இந்த மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது என்பதால் அந்தப் பக்கத்துக்காரர்கள் டிவி, லேப்டாப் வாங்க இங்கே வந்துவிடுவார்கள். வேலை பரவாயில்லை. புதிதாக வந்திருக்கும் சூப்பர்வைசர் தங்கமான மனுஷன். மற்றதெல்லாம் பழையபடிதான்.

சரி, போட்டோ விஷயத்துக்கு வருகிறேன். நான் முகமூடி போட்டுக்கொண்டு துப்பாக்கியும் கையுமாக நிற்பதைப் பார்த்து அம்மா பயந்துவிட்டாளாமே. அது துப்பாக்கி இல்லை என்று சொல்லுங்கள். அழுத்திய காற்றால் சாய உருண்டையை எறியும் கருவி, அவ்வளவுதான். பெயிண்ட்பால் என்று இங்கே ஒரு விளையாட்டு. இரண்டு அணி காட்டுக்குள் ஒளிந்து ஒருவர்மேல் ஒருவர் சாயம் அடிக்க வேண்டும். உருண்டை மேலே பட்டு உடைந்தால் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். முகமூடியை மைதானத்துக்குள் ஒரு நொடி கழற்றினாலும் விசில் ஊதிவிடுவார்கள். உள்ளே விடுவதற்கு முன்பே உருண்டையின் வேகத்தை அளந்து பார்ப்பார்கள். நொடிக்கு 280 அடிக்கு மேல் போனால் காற்றைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். பட்டால் சுரீர் என்று வலிக்கும், கன்றிப்போகும், இரண்டு நாளில் சரியாகிவிடும்.

இந்த விளையாட்டு பிறந்ததே இந்த மாநிலத்தில்தான். 1981 ஜூன் 27 அன்று, இங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் கார் தூரத்தில் இருக்கும் ஹென்னிக்கர் என்ற ஊரில், பன்னிரண்டு பேர் காட்டுக்குள் இறங்கி விளையாடியிருக்கிறார்கள். அவர்கள் கையில் இருந்தது நெல்ஸ்பாட் 007. வனத்துறை ஆட்கள் மரத்தில் குறியிடவும், பண்ணைக்காரர்கள் மாட்டுக்கு அடையாளம் வைக்கவும் செய்த கருவி. அன்று ஜெயித்தவர் ரிச்சி வைட் என்ற வனத் தொழில்காரர். உங்களுக்குப் பிடிக்கும் இது: அவர் ஒரு உருண்டைகூடச் சுடாமல் ஜெயித்திருக்கிறார். காட்டில் சத்தமில்லாமல் நடக்கத் தெரிந்தவர், ஒருவர் கண்ணிலும் படாமலேயே அந்த ஆட்டத்தில் எடுக்க வேண்டிய எல்லாக் கொடிகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதுவரை மைதானத்தில் வாடகைக்கு எடுத்துத்தான் விளையாடி வந்தேன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன். கருவியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. உருண்டையை அதற்குள் எப்படி இறக்குவது என்பதில்தான் பலவகை இருக்கிறது, விலையும் தாறுமாறாக இருக்கிறது. உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது. இந்தச் சமாச்சாரத்தில் உங்களைவிட அனுபவசாலி யார் இருக்கிறார்கள்?

வாடகைக் கருவியின் தலையில் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருக்கும். ஹாப்பர்தான், நம் மாவு மில்லில் இருப்பது மாதிரியே. அதில் 200 உருண்டை கொட்டலாம். ஒவ்வொன்றும் 17 மில்லிமீட்டர்; மருந்துக் கம்பெனி கேப்ஸ்யூல் செய்வது போலவே ஜெலட்டின் தோலுக்குள் சாயத்தை நிரப்பியது. முதன்முதலில் இதைச் செய்து கொடுத்ததும் கேப்ஸ்யூல் செய்யும் கம்பெனிதான். ஹாப்பர் கழுத்து வழியாக உருண்டை தன் எடையிலேயே விழ வேண்டும். பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை. பத்து டாலருக்குக் கிடைக்கும், கீழே போட்டாலும் ஒன்றும் ஆகாது.

இதில் வரும் தொல்லை உங்களுக்கு அத்துப்படி. இடியாப்ப மாவுக்கு ஊற வைத்த அரிசியைச் சரியாகக் காய வைக்காமல் யாராவது கொண்டுவந்து கொட்டினால் என்ன ஆகும்? ஹாப்பர் வாயில் அரிசி ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வளைவு கட்டி நின்றுவிடும். கீழே கல் சும்மா ஓடும். நீங்கள் வந்து உள்ளங்கையால் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டுவீர்கள், பொலபொலவென்று இறங்கும். இங்கேயும் அதே கதைதான் அப்பா. ஐந்தாறு உருண்டை கழுத்தருகே சேர்ந்து முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஈரப்பதம் உள்ள நாளில் ஜெலட்டின் உப்பி ஒட்டும், அப்போது இன்னும் மோசம். எதிரே ஆள் வரும் நேரத்தில் கருவியைப் போட்டு உலுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

அடைக்காமல் இறங்கினாலும் அதற்கு ஒரு வேக வரம்பு உண்டு. நீங்கள் கணக்குப் போடுவீர்கள் என்று தெரியும், அதனால் நானே போட்டுவிட்டேன்: ஓர் உருண்டை தன் விட்டமளவு, அதாவது 17 மில்லிமீட்டர், விழ ஏறக்குறைய 0.06 நொடி ஆகிறது. ஏட்டுக் கணக்கில் பார்த்தால் நொடிக்குப் பதினாறு, பதினேழு வர வேண்டும். ஆனால் உருண்டையைக் குழலுக்குள் தள்ளும் போல்ட் போய்த் திரும்பும் நேரம், உரசல், மேலே நிற்கும் வரிசை ஒவ்வொரு முறையும் நின்று நின்று புறப்படுவது எல்லாம் சேர்ந்து பாதியைத் தின்றுவிடுகிறது. அதற்கு மேல் அவசரப்பட்டுச் சுட்டால் பாதி இறங்கிய உருண்டையின்மேல் போல்ட் வந்து மோதி நசுக்கிவிடும். அப்புறம் உள்ளே முழுக்கச் சாயக் குழம்புதான். அதோடு சுட்டால் உருண்டை எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. விலை கூடிய கருவிகளில் உருண்டை முழுக்க உட்கார்ந்ததா என்று பார்க்க ஒரு கண் வைத்திருக்கிறார்கள். உட்காராவிட்டால் சுடவே விடாது.

இந்த வேகக் குறையைத் தீர்க்கத்தான் மோட்டார் வைத்த ஹாப்பர் வந்தது. முதலில் வந்தவை வெறும் கிளறி. கழுத்தில் உருண்டை இல்லை என்று தெரிந்தால் துடுப்பு சுழன்று கலைத்துவிடும். இப்போது வருபவை கலைப்பதோடு நிற்பதில்லை, உருண்டையைப் பிடித்துக் கீழே தள்ளுகின்றன. எங்கள் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் ஒரு பையன் டை ரோட்டார் என்ற அந்த வகை ஹாப்பர் வைத்திருக்கிறான். திருகாணி எதுவும் இல்லாமல் அக்கக்காகக் கழற்றலாம். உருண்டை சிக்கினால் அடியில் இருக்கும் நெம்புகோலை இழுத்தால் விடுபடும். அழகான வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் இருநூறு டாலருக்கு மேல் ஆகும், பேட்டரி வேறு. அவன் காற்றுத் தலையணைகளை ஊதி நட்டுவைத்த திறந்த மைதானத்தில் போட்டி ஆடுகிறவன். அந்தப் போட்டிகளிலேயே நொடிக்குப் பத்துக்குச் சற்று மேல்தான் அனுமதி. அவனுக்கு அது தேவை. எனக்கு எதற்கு? நாங்கள் போகும் மைதானத்தில் 500 உருண்டை 25 டாலர். நொடிக்குப் பத்து சுட்டால் அரை டாலர் காற்றோடு போகிறது. 200 உருண்டைத் தொட்டி இருபது நொடியில் காலி.

சிக்கனமாக ஆட வேண்டுமென்றால் நேரெதிரான வழியும் இருக்கிறது. பம்ப் கருவி என்று ஒன்று. ஒவ்வொரு சுடுதலுக்கும் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். அதிலும் பழைய முறைப்படி ஆடுகிறவர்கள் பத்து உருண்டை போகும் குழாயைப் படுக்கை வாட்டில் மாட்டியிருப்பார்கள். அடுத்த உருண்டை வர வேண்டுமென்றால் கருவியையே சாய்க்க வேண்டும். ஹென்னிக்கரில் முதல் ஆட்டம் ஆடியவர்களும் இப்படிச் சாய்த்துத்தான் ஆடினார்களாம். எங்கள் மைதானத்துக்கு நரைத்த தாடிக்காரர் ஒருவர் இதைக் கொண்டுவருவார். குழாயோடு கருவியை முன்னே ஒரு சாய்ப்பு, பின்னே ஒரு சாய்ப்பு, ஒரே ஒரு 'டப்'. எங்களில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கித்தான் வெளியே வருவோம். மரியாதைதான், ஆனால் எனக்கு அந்தப் பொறுமை வராது.

இப்போது வாலிபப் பையன்களுக்கு மேகசின் மோகம். நிஜத் துப்பாக்கி மாதிரி அடியிலிருந்து செருகுவது. 20 உருண்டை, ஸ்பிரிங் மேலே தள்ளிக்கொடுக்கும். தலையில் தொட்டி இல்லாததால் குறி பார்க்க வசதி. வால் வைத்த ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் என்ற தனி வகை உருண்டையையும் இதில் போடலாம். அது நேராக, தூரமாகப் போகும். ஆனால் ஒன்றுக்கே பத்து சாதா உருண்டையின் விலை ஆகும். எனக்கு இதில் பிடிக்காதது, விளையாட்டு முடிந்ததும் ஒவ்வொரு மேகசினையும் காலி செய்ய வேண்டும் என்பது. ராத்திரி முழுக்க ஸ்பிரிங் அழுத்தத்தில் இருந்தால் உருண்டை சப்பையாகிவிடும். ஐந்தாறு மேகசினை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடவும் வேண்டும். அதுவும் இல்லாமல், அந்த வகை பார்ப்பதற்கு அப்படியே ராணுவத் துப்பாக்கிதான். அதை வைத்துக்கொண்டு போட்டோ அனுப்பினால் அம்மா அடுத்த விமானத்தில் கிளம்பி வந்துவிடுவாள்.

நான் மனதில் வைத்திருப்பது வேறு ஒன்று. டிப்மேன் ஏ-5 என்று ஒரு கருவி, அதில் உருண்டையை இறக்க சைக்ளோன் ஃபீட் என்று ஓர் அமைப்பு. இதை நீங்கள் நேரில் பார்த்தால் கழற்றாமல் விடமாட்டீர்கள். ஹாப்பர் தலையில் இல்லை. பக்கவாட்டில் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது. அதன் அடியில் நட்சத்திர வடிவில் ஒரு சக்கரம். சுட்டு முடித்ததும் மிஞ்சும் காற்றில் கொஞ்சம் சின்னக் குழாய் வழியாகப் போய் ஒரு குட்டிப் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன், ஒரு பக்கம் மட்டுமே திரும்பும் பல்சக்கரமான ராட்செட்டை ஒரு பல் நகர்த்தும், சக்கரம் திரும்பி அடுத்த உருண்டையைக் கொண்டுவந்து வைக்கும். ஒரு சுடுதல், ஓர் உருண்டை. பேட்டரியும் இல்லை, மோட்டாரும் இல்லை. வெளியே வீணாகப் போகிற காற்றை வைத்தே வேலையை முடித்துவிடுகிறது! முதல் உருண்டையை மட்டும் கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தி ஏற்ற வேண்டும். நொடிக்குப் பதினைந்து வரை கொடுக்கும் என்கிறார்கள். என் விரலுக்கு அதில் பாதி போதும்.

தாழ்வாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. இங்கே ஆள்மேல் பட்டாலும் சரி, கையிலிருக்கும் கருவிமேல் பட்டாலும் சரி, ஹாப்பர்மேல் பட்டாலும் சரி, அவுட்தான். மரத்துக்குப் பின்னால் உடம்பை முழுக்க மறைத்துக்கொண்டு நிற்பவனைத் தலைக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் தொட்டி காட்டிக்கொடுத்துவிடும். நான் ஆடுவது பைன் மரக் காட்டில். அங்கே உயிர் பிழைப்பது யார் வேகமாகச் சுடுகிறான் என்பதில் இல்லை, யார் குறைவாக வெளியே தெரிகிறான் என்பதில்தான். அதோடு குளிர் காலத்தில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். நவம்பரில் விரல் விறைத்துக் கிடக்கும்போது பேட்டரி மாற்றிக்கொண்டு உட்கார எனக்கு மனம் இல்லை.

குறையும் உண்டு. உருண்டை உள்ளே உடைந்தால் சக்கரத்தைக் கழற்றித் துடைக்க வேண்டும். சாதா ஹாப்பர் என்றால் கழுவி உலர்த்தினால் போதும். ராட்செட் பிளாஸ்டிக். பழைய கருவிகளில் அதுதான் முதலில் தேயும் என்கிறார்கள். தேய்ந்தால் சக்கரம் பல் தாண்டி வழுக்கும். பிஸ்டனில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்துபோனாலும் இழுவை குறையும். எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒருவர் தன்னுடையதை 150 டாலருக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கப்போகிறேன்.

உங்களிடம் கேட்க வேண்டியது இதுதான். ராட்செட் பல் தேய்ந்திருக்கிறதா என்று ஓட விடாமல் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா? விரலால் தள்ளிப் பார்த்தால் எந்த இடத்தில் வழுக்கல் தெரியும்? நம் லேத் பட்டறையில் பித்தளையில் ஒன்று கடைந்தால் பிளாஸ்டிக்கைவிட நன்றாக இருக்குமா, இல்லை எதிரே உள்ள பல்லைத் தின்றுவிடுமா? ஞாயிறுக்கு முன்னால் ஒரு போன் போடுங்கள். உங்களுக்குச் சாயங்காலம் ஏழு மணி என்றால் எனக்குக் காலை ஒன்பதரை, வேலையில் இடைவேளை நேரம்தான்.

இந்த மாதப் பணம் வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டேன், வந்ததும் சொல்லுங்கள். அப்பத்தாவுக்குக் கொஞ்சம் தனியாக எடுத்துக் கொடுங்கள். நான் தடித்த சட்டை, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டுதான் விளையாடப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
அன்பு மகன்
செந்தில்