பால் படிப்புக்கு உதவித்தொகை: உறுப்பினர்கள் கவனத்துக்கு

சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பால்வளத் தொழில்நுட்பத்துக்கென்றே 4 ஆண்டு பி.டெக். இருக்கிறது. மாடு வளர்ப்பவர் வீட்டிலேயே பலருக்கு இது தெரியாது என்பதுதான் வேடிக்கை.

இதில் சேரும் பிள்ளை 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருந்தால், பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்காது.

நன்றாகப் படிக்கும் பிள்ளை என்றால் கியூட் என்னும் அகில இந்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வையும் எழுதச் சொல்லுங்கள். அதன்வழி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக ஒதுக்கீட்டில் வெளிமாநில வேளாண் பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்தால், தேசியத் திறன் உதவித்தொகை என்று மாதாமாதம் தனியாகத் தருகிறார்கள். ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் பெரிய பெயர். தொலைவு என்று மலைக்க வேண்டாம்.

வங்கிக் கணக்கை உடனே ஆதாரோடு இணையுங்கள். ஆதாரில் 'எஸ். கவிதா', மதிப்பெண் சான்றிதழில் 'கவிதா எஸ்.' என்றிருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். விண்ணப்பம் இழுபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சந்தேகம் இருப்பவர்கள் மாலைப் பால் ஊற்ற வரும்போது சான்றிதழ் நகல்களையும் எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்த்துவிடலாம்.

– செயலாளர்