எட்னாவுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்: இலக்கிய ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இலக்கிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோபனின் 'தி அவேக்கனிங்' நாவலை வகுப்பில் நடத்தும் உங்கள் எல்லோரிடமும் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். கணவரையும் இரண்டு மகன்களையும் விட்டு விலகித் தனக்கென ஒரு வாழ்க்கையைத் தேடும் அதன் நாயகியை வைத்து, "எட்னா நல்ல தாயா, கெட்ட தாயா?" என்று மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்துப் பட்டிமன்றம் நடத்துவதை நிறுத்திவிடுங்கள்.

அன்று வகுப்பு கலகலப்பாக இருக்கும், வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுவார்கள் என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் எட்னாவுக்காகப் பேச எழுந்திருக்கும் மாணவியைக் கொஞ்சம் கவனியுங்கள். "அப்போ நீயும் இப்படித்தான் பிள்ளைகளை விட்டுட்டுப் போவியா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். நாவலைப் பற்றிப் பேச எழுந்தவள், தான் எப்படிப்பட்டவள் என்று விளக்கம் கொடுத்துவிட்டு உட்காருவாள். அடுத்த முறை அவள் எழுந்திருக்க மாட்டாள். பெண்ணின் மனதைப் பேசும் ஒரு நாவலை வைத்துக்கொண்டே ஒரு பெண்ணை வாயடைக்க வைப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

எட்னா கடலுக்குள் நீந்திப் போய்த் திரும்பாத கடைசி அத்தியாயத்தை முதலில் கையில் எடுப்பதால் வரும் வினை இது. நாவலில் 39 அத்தியாயங்கள். மூன்றாவதிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

கோடைக்காக எட்னாவின் குடும்பம் லூசியானாவின் கிராண்ட் ஐல் தீவில் தங்கியிருக்கிறது. கணவர் லியோன்ஸ் ஹோட்டலில் பொழுதைக் கழித்துவிட்டு இரவு 11 மணிக்குத் திரும்புகிறார். தூங்கிக்கொண்டிருக்கும் மனைவியிடம் பேசிக்கொண்டே போகிறார். அவள் தூக்கக் கலக்கத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. உடனே பிள்ளைகள் அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மகன் ராவுலுக்குக் காய்ச்சல் என்கிறார். சொல்லிவிட்டு உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சலே இல்லை என்பது எட்னாவுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் எழுந்து போய்ப் பார்க்கிறாள். அவர் சுருட்டை முடித்துவிட்டுத் தூங்கிப்போகிறார். அவள் வெளியே வந்து, கொசுக்கடியில் உட்கார்ந்து அழுகிறாள். ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. மறுநாள் அவர் கைநிறையப் பணம் கொடுக்கிறார். ஊருக்குப் போனதும் ஒரு பெட்டி நிறையத் தின்பண்டங்கள் அனுப்புகிறார். பங்கிட்டுச் சாப்பிட்ட பெண்கள், உலகத்திலேயே நல்ல கணவர் இவர்தான் என்கிறார்கள். இவரைவிட நல்லவரைத் தெரியாது என்று எட்னாவும் ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது.

இங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை சொல்லவில்லை. லியோன்ஸ் வில்லனும் அல்ல. அதனால்தான் இந்த அத்தியாயம் வகுப்புக்கு அவ்வளவு பொருத்தம். ஆண்களைத் திட்டுகிறார்கள் என்று முறுக்கிக்கொண்டு உட்காரும் பையன்கூட, இல்லாத காய்ச்சலை அந்த மனிதர் ஏன் இருப்பதாகச் சொன்னார் என்று யோசிக்கத் தொடங்குவான். யோசிக்கத் தொடங்கினால் போதும், நீங்கள் ஒரு வார்த்தைகூட விளக்க வேண்டியதில்லை.

இன்னொருத்தியையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள். பிள்ளைகளின் பின்னாலேயே நடக்கும் கறுப்பின வம்சாவளி ஆயாவுக்கு நாவலில் பெயரே கிடையாது. எட்னா ஓவியம் வரையவும் தனியாக நடக்கவும் முடிகிறதென்றால், அந்த நேரத்தில் பிள்ளைகள் யார் கையில் இருக்கிறார்கள்? அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தது 1865இல். அதற்குப் பிந்தைய லூசியானாவில் நடக்கும் கதை இது. எட்னாவை நேசிக்கும் வாசகரும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. தாய்மைப் பட்டிமன்றத்தில் இதற்கு இடமே வருவதில்லை.

நாவல் 1899இல் வந்தபோது விமர்சகர்களும் தீர்ப்புதான் எழுதினார்கள். ஒரு பத்திரிகை இதற்கு விஷம் என்று சீட்டு ஒட்ட வேண்டும் என்றது. பின்னாளில் பெரிய நாவலாசிரியையான வில்லா கேதர்கூட, இவ்வளவு நல்ல நடையை இப்படியொரு கதைக்கு வீணடித்துவிட்டாரே என்று குறைப்பட்டார். ஷோபன் ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். 1904இல் இறந்துபோனார். 1969இல் நார்வே நாட்டு ஆய்வாளர் பேர் செய்யர்ஸ்டெட் அவருடைய எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்ட பிறகே நாவல் பரவலாகப் பாடத்திட்டங்களுக்குள் நுழைந்தது. (நூலகங்கள் இதைத் தடைசெய்தன என்று வகுப்பில் சொல்லும் வழக்கத்தையும் விட்டுவிடலாம், அதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.) அன்றைய விமர்சகர்கள் கேட்ட அதே கேள்வியை இன்றைய மாணவர்கள் கையில் நாமே ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும்?

வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். "எட்னாவின் முடிவு வெற்றியா, தோல்வியா?" என்ற 10 மதிப்பெண் கேள்விக்கு நோட்ஸிலேயே பதில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, அந்தப் பெட்டி வந்த பத்தியை அச்சிட்டுக் கொடுங்கள். அந்தப் பெண்கள் ஏன் அப்படிப் பாராட்டினார்கள், எட்னா ஏன் மறுத்துப் பேசவில்லை என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே இந்த நாவலை நேசிக்கும் ஒரு வாசகி