176 எப்படி வந்தது?

ஆசிரியருக்கு,

குடியரசுத் தலைவரை எம்.பி.க்கள் மட்டும்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று இன்னமும் பலர் நினைக்கிறார்கள். எம்.எல்.ஏ.க்களுக்கும் ஓட்டு உண்டு, நியமன எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கும் சட்ட மேலவை உறுப்பினர்களுக்கும்தான் கிடையாது. தமிழக எம்.எல்.ஏ. ஒருவர் போடும் ஓட்டின் மதிப்பு 176; 1971 கணக்கெடுப்பில் நமக்கிருந்த சுமார் 4.12 கோடி மக்கள்தொகையை 234 தொகுதிகளால் வகுத்து, அதை மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் வருவது இதுதான். உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7.

சரி, ஏன் இன்னும் 1971? மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதனாலேயே நஷ்டப்படக் கூடாது என்றுதான். 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வெளியானதும் இந்தப் பாதுகாப்பு போய்விடும் என்கிறது அரசியல் சட்டம். தொகுதி மறுவரையறை பற்றி இவ்வளவு பேசும் நம் கட்சிகள் இந்த ஓட்டு மதிப்பையும் நாடாளுமன்றத்தில் இப்போதே எழுப்ப வேண்டும்.

– வாசகர்