எல்ட்ஸ் கோட்டைக்குப் போய் வந்து மகளுக்கு எழுதியது

அன்பு மகளுக்கு,

நாங்கள் நல்ல சுகம். அப்பாவின் முழங்கால்தான் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. போனில் ஊர் வீட்டுக் கதையை எடுத்தால் "பிறகு கதைப்பம் அம்மா" என்று வெட்டிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

போன ஞாயிறு எல்ட்ஸ் கோட்டைக்கு நடந்து போனோம். ஜேர்மனியின் பழைய 500 மார்க் தாளின் பின்பக்கத்தில் இருந்த அதே கோட்டை. சீட்டுக்காசு எண்ணும்போது அந்தத் தாள் வந்தால், அப்பா உன் கையில் ஒரு நிமிடம் தந்துவிட்டு உடனே பறித்துக்கொள்வாரே!

கோப்ளென்ஸில் இருந்து திரியர் பக்கம் போகிற ரயிலில் ஏறி மோசெல்கேர்னில் இறங்கினோம். அங்கிருந்து கிட்டத்தட்ட ஐந்து கிலோமீற்றர். ஊரைத் தாண்டி, பழைய மில் ஒன்றையும் தாண்டினால் காட்டுப்பாதைதான். பக்கத்திலேயே எல்ட்ஸ் ஆறு ஓடுகிறது. ஆறு என்று பெயர், பல இடங்களில் முழங்காலளவு தண்ணீரும் இல்லை. முதல்நாள் மழையில் இலையெல்லாம் ஊறி, மரவேர்களில் கால் வைத்தால் வழுக்கியது. உன் வெள்ளைச் சப்பாத்தோடு இந்தப் பாதைக்கு வந்துவிடாதே.

கீழிருந்து போகிறவர்களுக்குக் கடைசிவரை கோட்டை கண்ணில் படாது. அப்பா "பாதை மாறிட்டம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். திடீரென்று மரங்களுக்கு மேலே கூரைகள் தெரிந்தன. 70 மீற்றர் பாறை, மூன்று பக்கமும் ஆறு சுற்றி ஓடுகிறது. அதற்குப் பிறகு படிகள். அந்த நேரம் அப்பா சொன்னதை எழுத மாட்டேன்.

1331இல் திரியர் பேராயர் பால்டுவின் இந்தக் கோட்டைக்காரக் குடும்பத்தோடு சண்டைக்கு வந்து, எதிர் மேட்டில் இன்னொரு கோட்டையைக் கட்டி, அங்கிருந்து கல்லுக்குண்டு எறிவித்தாராம். அந்தக் கோட்டை இன்றைக்கு இடிந்து கிடக்கிறது, இது நிற்கிறது. 1689இல் பிரெஞ்சுப் படைகள் ரைன் பக்கத்துக் கோட்டைகளை உடைத்துக்கொண்டு வந்தபோதும் தப்பியது. இந்தக் குடும்பத்து ஆள் ஒருவரே அந்தப் படையில் அதிகாரியாக இருந்தாராம். சொந்தக்காரன் ஒருவன் எங்கே இருந்தாலும் உதவும், பார்.

நான் சொல்ல வந்தது வேறு. 1157ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றில் இந்தக் குடும்பத்தின் பெயர் இருக்கிறது. இன்றைக்கும் அதே குடும்பத்தின் சொத்துத்தான். நடுவில் மூன்று கிளையாகப் பிரிந்தார்கள், ஆனால் கோட்டையை வெட்டிப் பிரிக்கவில்லை. ஒரே முற்றத்தைச் சுற்றி ஆளுக்கொரு வீடு கட்டினார்கள். முற்றம் அவ்வளவு ஒடுக்கம், ஒரு வீட்டில் வெங்காயம் வதக்கினால் மற்ற இரண்டு வீட்டுக்கும் மணக்கும். அதற்குள்ளே பல நூறு வருடம் இருந்திருக்கிறார்கள்! சண்டை வராமல் இருக்க, இப்படிக் கூட்டாக இருந்தவர்கள் முதலே ஒப்பந்தம் எழுதி வைத்தார்கள். 1815இல்தான் எல்லாம் ஒரு கிளையின் கைக்கு வந்தது.

உள்ளே வழிகாட்டியோடுதான் போகலாம், படம் எடுக்க விடமாட்டார்கள். எனக்குச் சமையலறைதான் பிடித்தது. பாண் சுடுகிற போறணை, மாப்பெட்டி, இறைச்சி வெட்டுகிற மரக்குற்றி எல்லாம் அப்படியே. படுக்கையறைச் சுவரோடு மலசலகூடம்கூட அந்தக் காலத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

மூன்று குடும்பமும் கூடிக் கதைக்கிற பெரிய மண்டபத்தில் கோமாளி முகங்களும் கதவுக்கு மேலே ஒரு ரோசாப்பூவும் செதுக்கியிருக்கிறது. கோமாளி இருந்தால் மனதில் பட்டதை யாரும் பயமில்லாமல் சொல்லலாம். ரோசாப்பூ இருந்தால், அங்கே கதைத்தது வெளியே போகக்கூடாது. அதைக் கேட்டவுடன் எனக்கு நீயும் அண்ணாவும்தான் ஞாபகம் வந்தீர்கள். ஊர் வீட்டை நீ விற்போம் என்கிறாய், அவன் வைத்திருப்போம் என்கிறான். இரண்டு பேரும் என்னிடம் சொல்கிறீர்கள், பிறகு மாமியிடம் சொல்கிறீர்கள், ஆனால் ஒருவரோடு ஒருவர் கதைக்கிறீர்கள் இல்லை. விற்றாலும் எனக்குக் கோபமில்லை. கிணறும் மாமரமும் எனக்குப் பெரிதுதான், உங்களுக்கும் அப்படி இருக்கவேண்டும் என்று இல்லை. வைத்திருப்பதென்றால் கூரை திருத்துகிற செலவு யாருக்கு, வாடகை யாருக்கு, பிறகு யாராவது விலக நினைத்தால் என்ன செய்வது எல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும். அண்ணன் தங்கைக்குள் என்ன எழுத்து என்று அவன் சொல்வான். விடாதே.

ஒக்டோபரில் லீவு எடு. நவம்பர் தொடக்கத்தில் கோட்டையைப் பூட்டினால் பிறகு வசந்தத்தில்தான் திறப்பார்கள். அண்ணாவும் லண்டனிலிருந்து வெள்ளிக்கிழமை வருகிறேன் என்கிறான். நீங்கள் இரண்டு பேரும் மோசெல்கேர்னில் இருந்து நடந்து வாருங்கள். நானும் அப்பாவும் மேல் பக்கத்தால் பஸ்ஸில் வந்து நிற்கிறோம். லீவு கிடைக்கிற திகதியை இந்தக் கிழமைக்குள் சொல்லு, அவன் ரிக்கெட் போடவேண்டும்.

அன்புடன்,
அம்மா